ஒரு ராத்தல் தானியம்



நேற்று மாலை இதே மைதானத்தில் பேசிய ஒரு கனவான், ஸர் ரிச்சர்டு டெம்பிள் துரையைச் சிக்கனத்துக்கு இலக்கணம் என்றும், அவரை கவர்னராக அடைந்தது பம்பாய் மாகாணம் செய்த பாக்கியம் என்றும் வாய் மணக்கப் புகழ்ந்தார். அதைக் கேட்ட பிறகும் நான் மௌனமாக இருந்தால், தாது வருஷப் பஞ்சத்தில் மடிந்த ஜனங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

1874-ல் பீகாரில் க்ஷாமம் தலைகாட்டியபோது, பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்து, பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லை என்னும்படி ஜனங்களைக் காத்தவர் இதே டெம்பிள்தான். ஆகவே, உயிரைக் காக்கும் வழி அவருக்குத் தெரியாது என்று ஒருவரும் சாதிக்க முடியாது. பணத்தை வாரி இறைத்தார் என்று சீமையில் ஏசினார்கள். அந்த ஏச்சைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வாய்த்த இடம் நம் சென்னை மாகாணம்! டில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்திய 1877 ஜனவரியிலேயே, பஞ்சப் பிரதிநிதியாக வந்த டெம்பிள், பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் வெட்டிச் சுமக்கும் ஆண்மகனுக்கு விதித்த கூலி என்ன? ஒரு ராத்தல் தானியமும் மேலுக்குச் சில்லறைக் காசும்!

மழை பொய்த்தால் துரை என்ன செய்வார் என்கிறார்கள். ராத்தலைக் குறைத்தது மேகமா? நேற்றைய கனவான் மேடையேறுமுன் உண்ட பலகாரத்தை நிறுத்துப் பார்த்தால் ஒரு ராத்தலில் அடங்குமா?

சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வெள்ளைக்காரர்தான். சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் கிடைக்கிறதே என்று அவரே எதிர்த்து எழுதினார். மாதக்கணக்கில் ஜனங்கள் வற்றி வீழ்ந்த பிறகே கூலி சற்று உயர்ந்தது. மாயூரத்திலே, முன்சீப் உத்தியோகத்தை விட்டுவிட்ட வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார்; கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த வள்ளன்மையைக் கீர்த்தனமாகப் பாடினார். தனி மனிதருக்கு இருந்த தயாளம், தானியம் சீமைக்குக் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாங்கத்துக்கு இல்லையே!

மடிந்தோர் 50 லட்சத்துக்கு மேல். டெம்பிளுக்கோ அதே 1877-ல் பம்பாய் கவர்னர் பதவி! 1880-ல் அதையும் உதறிவிட்டு, பார்லிமெண்டுத் தேர்தலில் நிற்கச் சீமைக்குப் போய்த் தோற்றார். அங்கே கேள்வி கேட்க ஜனங்களுக்கு வோட்டு இருந்தது. இங்கே ஒரு ராத்தல்தான் இருந்தது.

இதைச் சிக்கனம் என்பவர் யாராயினும் இந்த மேடைக்கு வரட்டும். கஜானாவில் மிஞ்சிய ரூபாய் எத்தனை, அதற்கு ஈடாகச் செலவான உயிர் எத்தனை என்று உங்கள் முன்னிலையில் கணக்குச் சொல்லட்டும்!