இரட்டைக் குவளையில் ஆங்கிலம்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, தாம்பரம்

 

பண்டிதரின் நினைவுக் கூட்டத்தில் ஆங்கிலத்தின் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் தோழர் ஒருவர், "தமிழன் என்று பத்திரிகை நடத்தியவர் நினைவாக ஆங்கிலத்தைத் திட்டப்போகிறீர்களா, புகழப்போகிறீர்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. பண்டிதர் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஒரு பட்லர், அவர் கையில் குறள். நம் பாடப்புத்தகம் எதிலாவது இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறோமா?

'பட்லர் இங்கிலீஷ்' என்ற கேலி மட்டும் எல்லாருக்கும் தெரியும். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கம்பெனிப் படை முகாமிட்டிருந்த காலத்தில் துரைமார் வீட்டுச் சமையலும் குதிரை பார்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் பெரும்பாலும் நம் சனத்தின் வேலை. பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாத காலம் அது. காதால் கேட்டே ஆங்கிலத்தைப் பிடித்தார்கள். வெள்ளைக்காரனோடு தினமும் பேசிப் பழகிய முதல் தமிழர்களில் அவர்களும் அடக்கம். ஆனால் துரைக்குச் சாப்பாடு பரிமாற எவ்வளவு ஆங்கிலம் வேண்டுமோ அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. 1835ல் மெக்காலே குறிப்பு எழுதி, அரசாங்கப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியபோது, கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் போகிற ஆங்கிலம் வேறு தெருக்களுக்குப் போனது. ஒரே ஆட்சி, இரண்டு ஆங்கிலம். டீக்கடையில் இருந்த இரட்டைக் குவளை நமக்குத் தெரியும். மொழியிலும் அது இருந்தது, இருக்கிறது. இதைத்தான் சொல்ல வந்தோம்.

'மொழி ஏகாதிபத்தியம்' என்ற சொல்லை ராபர்ட் ஃபிலிப்சன் 1992ல் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். ஆங்கிலம் தானாகப் பரவவில்லை, அரசுகளும் நிறுவனங்களும் திட்டமிட்டுப் பரப்பின என்றார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கென்யாவின் கூகி வா தியாங்கோ, பள்ளியில் கிக்கூயு பேசிய பிள்ளைகள் அடிபட்டதையும் கழுத்தில் தகடு மாட்டப்பட்டதையும் எழுதிவிட்டார். தமிழ் பேசினால் அபராதம் வாங்குகிற ஆங்கிலப் பள்ளிகளைப் பார்த்த நமக்கு அது புதுக்கதை அல்ல.

ஆனாலும் கூகி சொல்வதை அப்படியே நம் மேல் போர்த்திக்கொள்ள முடியவில்லை. அவர் இழந்தது ஊரே சேர்ந்து கதை சொன்ன மொழி. நம் ஊரில் தமிழ் இருந்தது, தமிழ் வகுப்பறையில் நமக்கு இடம் இல்லை. இடம் கிடைத்த பிறகும், வீட்டில் பேசியதை வகுப்பில் பேசினால் 'கொச்சை' என்றார்கள். 'குந்து' என்று சொன்ன பிள்ளையை 'உட்கார் என்று சொல்' எனத் திருத்தியவர்கள் உண்டு. குந்து அகராதியில் இருக்கிற தமிழ்ச்சொல். ஆகவே தாய்மொழிக் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது, எந்தத் தாயின் மொழி என்பதைத்தான்.

இப்போது பெரும்பாக்கத்துக்கு வருவோம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை இடித்து, சனத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய எட்டு மாடிக் குடியிருப்பு. அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இப்படித்தான் வந்தன. மொட்டைமாடியில் நின்றால் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அந்தக் கட்டடங்களில் நம் பெண்கள் ஹவுஸ்கீப்பிங், நம் ஆண்கள் செக்யூரிட்டி. 'குட் மார்னிங் சார்', 'ஐடி கார்டு ப்ளீஸ்'. பரங்கிமலை பங்களாவில் அளந்து ஊற்றிய அதே ஆங்கிலம், அதே அளவு.

எங்கள் தோழர்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார்கள். ஒருநாள் ஒரு தாய் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, "இதுல இன்னா சார் போட்டுக்கீது? காசு கொறையுது" என்றார். ஏழாவது படிக்கும் அவர் மகள் ஆங்கிலவழி. அவளிடமே கொடுத்தோம். ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தாள். "டிடக்‌ஷன்னா என்னம்மா?" என்றால் தெரியவில்லை. சரி, தமிழில் எழுது என்று 'பிடித்தம்' என்ற சொல்லைச் சொன்னோம். அதையும் எழுத வரவில்லை.

அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. பாடம் நடத்தும் ஆசிரியர் மேலும் முழுக் குற்றம் சொல்ல மாட்டோம். 2012லிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோர் அதை வரவேற்றார்கள், நாமும் வரவேற்றோம். ஆனால் தமிழ்வழியில் படித்து, தமிழில் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர் கையில் புத்தகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஆங்கிலம் வந்துவிடுமா? பிள்ளை கேள்வி பதிலை மனப்பாடம் செய்கிறது. பலகையில் ஆங்கிலவழி, வகுப்பில் எந்த வழியும் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும் என்று 2020ல் அதைத் திருத்தினார்கள். ஏழாவது படிக்கும் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் வரவில்லை, இந்த 20 சதவீதமும் போய்விட்டது. ஆறு வயதில் அவளைச் சேர்க்கும்போது இதை யாராவது அந்தத் தாயிடம் சொன்னார்களா?

உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010ல் சந்திர பான் பிரசாத் 'ஆங்கில தேவி'க்குச் சிலை கொண்டுவந்தார். கையில் பேனா, காலடியில் கணினி. அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போய்ப் படித்த மொழி, உலகத்திடம் நம் வழக்கைச் சொன்ன மொழி. ஆனால் தேவியாக்கிவிட்டால் கும்பிடத்தான் முடியும், கணக்குக் கேட்க முடியாது. பண்டிதர் அதைக் கும்பிடவில்லை. ஆங்கிலமும் வடமொழியும் பாலியும் கற்றவர், 1907ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று நம் சனத்துக்குத் தமிழில் எழுதினார்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சின்ன வகுப்புகளில் பிள்ளைக்குப் புரியும் தமிழில் பாடம் வேண்டும், அவள் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்காத தமிழ். முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தை ஒரு மொழியாக, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். அந்த ஆசிரியர் முதலில் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் வரட்டும், மிச்சமிருந்தால் மற்ற இடங்களுக்குப் போகட்டும்.

அடுத்த ஞாயிறு அந்தச் சம்பளச் சீட்டையே பாடமாக வைத்தோம். ஏழெட்டுப் பெண்கள் தங்கள் சீட்டோடு வந்து உட்கார்ந்தார்கள், குந்தினார்கள் என்றே சொல்லலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று வரிவரியாகப் பார்த்தபோது யூனிஃபார்முக்கு மாதாமாதம் ஒரு தொகை போவது தெரிந்தது. அந்தத் தாய் மறுநாள் ஒப்பந்தக்காரரிடம் போய், "வாட் திஸ் டிடக்‌ஷன் சார்?" என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். பிறகு, பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். அடுத்த சீட்டு ஏழாம் தேதி வரும்.