ஊசி குத்திக்கலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது



அக்குபஞ்சர் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்மில் வலி இல்லாதவர் யார்? வேடசந்தூர் பக்கம் மில்லில் எட்டு மணி நேரம் நிற்கிறவங்க, சின்னாளபட்டியில் சுங்கடிக்கு முடிச்சுப் போடுறவங்க, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் பறிக்கிறவங்க, எல்லாருக்கும் கழுத்து, இடுப்பு, முட்டிதான். ஊசி குத்தினால் சரியாகும் என்றால் போகத்தான் தோணும். போகவே கூடாது என்று நான் சொல்ல வரலை.

இது சீனாவில் இருந்து வந்த வைத்தியம். தலைமுடி மாதிரி மெல்லிய ஊசி. உள்ளே மருந்து எதுவும் கிடையாது. முட்டி வலி, நாள்பட்ட இடுப்பு வலி, அடிக்கடி வருகிற தலைவலி, இதுகளுக்குச் சிலருக்குக் குறையுது. ஆனால் சுகரையோ, பிரஷரையோ, புற்றுநோயையோ ஊசி குணப்படுத்தாது.

2019 பிப்ரவரியில் மத்திய அரசு இதை ஒரு தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதைச் சொல்லிக்கொண்டு போர்டு மாட்டுகிறவர்கள் நிறைய. அங்கீகாரம் வைத்தியத்துக்குத்தான், போர்டு மாட்டின எல்லாருக்கும் இல்லை. என்ன படிச்சீங்க, எத்தனை வருஷம் படிச்சீங்க என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நம்ம ஊரில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டு வைத்தியம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தொடுறதால் ஒன்றும் ஆகாது. அதோடு சேர்த்து ஒரு வார்த்தை சொல்றாங்க பாருங்க, "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க, டெஸ்ட்டே எடுக்காதீங்க" என்று, அதுதான் ஆபத்து.

எங்கள் பக்கத்துக் குழுவில் ஒரு அக்கா. பதினோரு வருஷமாக சுகர். மண்டபத்தில் நடந்த முகாமுக்கு முட்டி வலிக்காகத்தான் போனார். அங்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தலை சுத்தினால் "கழிவு வெளியேறுது", காலில் கொப்புளம் வந்தால் அதுவும் கழிவு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டு போய்க் கொடுக்கிறதே நம்ம குழுப் பெண்கள்தான். அப்படிக் கொடுத்த மாத்திரை அட்டை அட்டையாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. நாலாவது மாதம் பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியதே பெரிசு.

பிரசவ விஷயத்தில் இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அக்குபஞ்சரை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், தாயும் பிள்ளையும் இறந்துபோனார்கள். கணவரையும், அக்குபஞ்சர் பார்த்தவரையும் போலீஸ் கைது செய்தது. பிள்ளை போனது போனதுதானே.

போகிறவர்கள் முதலில் நம்ம ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, வலி எதனால் என்று தெரிந்துகொண்டு போங்கள். பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கு. ஐந்தரை வருஷம் படித்த டாக்டர்கள் அங்கே இருப்பார்கள். அக்குபஞ்சர் செய்கிறார்களா, எந்த நாளில் என்று கேளுங்கள்.

ஊசி புதுப் பாக்கெட்டில் இருக்கணும், உங்கள் கண் முன்னால் பிரிக்கணும். ஒருத்தருக்குக் குத்தினதை அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வரைக்கும் பரவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருக்கிறவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுகர்காரங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், குத்தின இடம் புண்ணானாலும் தெரியாது. அன்றைக்கு ராத்திரியே காலைப் பாருங்கள், பேரப்பிள்ளையை விட்டாவது பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு, முதுகுப் பக்கம் குத்தின பிறகு மூச்சு வாங்கினால் அவரிடமே திரும்பப் போகாமல் 108-க்குக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கு.

பணத்தையும் சொல்லிடறேன். நிறைய பேர் உள்கடன் வாங்கித்தான் போறாங்க. எத்தனை தடவை வரணும், ஒரு தடவைக்கு எவ்வளவு, குறையலைன்னா எப்போ நிறுத்தலாம் என்று முன்னாலேயே பேசி, ரசீது வாங்குங்கள். "பணம் கட்டினால் மூணே நாளில் நீங்களும் ஹீலர் ஆகலாம்" என்று யாராவது வந்தால், தலைவி அக்கா, அந்தக் கடனுக்கு மட்டும் தீர்மானம் போடாதீங்க.