திருமணியில் நீட்டிய கை

(நம் குடியிருப்பின் கிறிஸ்துமஸ் கூடலில் பேசியது)



சந்தோஷமாக ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். வேலை போன வீடும், கீமோ நடக்கும் வீடும் நம்மிடையே இருக்கின்றன. "ஆண்டவரை நம்புங்கள்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் ஏறிவிட எனக்கு மனம் வரவில்லை. 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாமல்லபுரம் கரையில் கடல் ஏறியதே, அது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது அல்லவா? 1947இல் அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யின் அறுவை மருத்துவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். பிடித்த பிடியில் இவருக்கு வலித்தது! இனி உதவாது என்று எல்லாரும் விட்டுவிட்ட கைக்குள் வலுவான தசை இருந்திருக்கிறது. பிறகு வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

சுவிசேஷத்திலும் இயேசு தொழுநோயாளியை முதலில் தொடுகிறார், பிறகுதான் சுகம். பிராண்டுக்கும் அன்று விடை தெரியாது. தெரியாமலே கை நீட்ட முடிந்ததே, அதைத்தான் நான் விசுவாசம் என்கிறேன்.

கேக்கைக் கீழே மேஜையில் வைத்துவிட வேண்டாம். இன்று வராதவர்கள் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராக எடுத்துப் போவோம். போனால் கொஞ்சம் உட்காருங்கள்.