சுட்டியும் விளக்கவுரையும்

 

லைப்சிக் நகரில் 1912ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜெர்மன் நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இருப்பிடக் குறி உண்டு. கணினி நினைவகத்தில் அக்குறியின் பணியைச் செய்வதே சுட்டி. நூல் இடம்மாறிய பின்னும் பழைய குறியை நம்பிச் செல்பவர் வேறு நூலையே எடுத்து வருவார். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும் சுட்டியின் நிலையும் அதுவே.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை வேறு வகையினது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகம், கேட்பவர் கூறிய நீளத்தைச் சரிபாராது நம்பிற்று. அதனால் ஒரே வேண்டுகோளில் 64 கிலோபைட் வரை நினைவகம் கசிந்தது. கடவுச்சொற்களும் வெளிப்படக்கூடிய நிலை ஏற்பட்டது.

2011ஆம் ஆண்டின் சி++ தரம், நினைவகத்தைத் தாமே விடுவிக்கும் சுட்டிகளை வழங்கியது. எனினும் எல்லை மீறலை அவை தடுப்பதில்லை. ஆகவே நிரலகம் எழுதுவோர், ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவைத்தல் வேண்டும்: சுட்டி வெறுமையாக இருக்கலாமா? நீளம் எவ்வளவு? விடுவிக்க வேண்டியவர் யார்?

பெற்றோர்களே! பிள்ளைகள் எழுதிய நிரல் இயங்குகின்றதா என்று மட்டும் வினவாதீர்கள். விளக்கம் எழுதப்பட்டதா என்றும் வினவுங்கள். முன்பின் அறியாத ஒருவர் நாளை அதனை நம்பிப் பயன்படுத்துவார்.