அந்தோனி ஜோன்சனின் காணி

(தோட்ட மக்களின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அமெரிக்காவில் கறுப்பு மக்கள் எல்லோரும் தொடக்கத்திலிருந்தே அடிமைகள்தானா? ஒருத்தருக்கும் சொந்தக் காணி இருக்கவில்லையா?" நல்ல கேள்வி. இருந்தது. அது எப்படிக் கையை விட்டுப் போனது என்பதைத்தான் இன்றைக்கு நாம் பேசப் போகிறோம்.

வேர்ஜீனியா அப்போது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. புகையிலைத் தோட்டங்கள்தான் அங்கே பெரிய தொழில். 1621ஆம் ஆண்டு அந்தோனியோ என்ற ஆபிரிக்கர் அங்கே கொண்டுவரப்பட்டு, ஒரு தோட்டத்துக்கு விற்கப்பட்டார். அடுத்த வருசமே பூர்வீகக் குடிகள் அந்தத் தோட்டத்தைத் தாக்கினார்கள். 52 பேர் இறந்தார்கள். தப்பிய ஒருசிலரில் இவரும் ஒருவர். பிறகு மேரி என்ற ஆபிரிக்கப் பெண்ணை மணந்தார். பல வருசம் பாடுபட்டு இருவரும் விடுதலை பெற்றார்கள். பெயரும் அந்தோனி ஜோன்சன் என்றாயிற்று.

அந்த நாளில் அங்கே ஒரு முறை இருந்தது. கடல் கடந்து ஆள் கொண்டுவரச் செலவழித்தவருக்கு, ஒரு ஆளுக்கு 50 ஏக்கர் காணி கிடைக்கும். 1651இல் ஜோன்சன் ஐந்து பேருக்குக் கணக்குக் காட்டி 250 ஏக்கர் பெற்றார். 1653இல் தீ விபத்தில் அவர் நட்டப்பட்டபோது, மனைவிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஆயுள்வரை வரி வேண்டாமென்று நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

இங்கே ஒரு விசயத்தை நாம் மறைக்கக் கூடாது. ஜோன்சனிடம் ஜோன் கேசர் என்ற இன்னொரு ஆபிரிக்கர் வேலை செய்தார். தவணை முடிந்து ஏழு வருசமாகியும் தன்னை விடவில்லை என்று கேசர் முறையிட்டார். ஜோன்சனோ, கேசர் ஆயுள் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று வழக்காடினார். 1655இல் நீதிமன்றம் ஜோன்சன் பக்கமே தீர்த்தது. தானே விற்கப்பட்டு வந்த மனிதர் இப்படிச் செய்தாரே என்று மனசு வலிக்கத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1662இல், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்றார்கள். 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைக்கு விடுதலை இல்லை என்றார்கள். 1668இல், சுதந்திரமான கறுப்புப் பெண்களும் வரி கட்ட வேண்டும் என்றார்கள். மேரிக்குக் கிடைத்தது போன்ற சலுகைக்கு அதோடு இடமில்லாமல் போயிற்று.

ஜோன்சன் 1665இலேயே குடும்பத்தோடு பக்கத்து மேரிலாந்துக்குப் போய், 300 ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். 1670இல் காலமானார். வேர்ஜீனியாவில் மகனுக்கு விட்டுவந்த 50 ஏக்கர் இருந்ததல்லவா? அதே வருசம் அங்கே ஜூரிமார் கூடி, ஜோன்சன் ஒரு கறுப்பர், ஆகவே அந்நியர், அவர் காணி அரசுக்குச் சேரலாம் என்று தீர்த்தார்கள். நாற்பது வருசத்துக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர், பாருங்க, செத்த பிறகு அந்நியராகிவிட்டார்!

அதோடும் நிற்கவில்லை. 1691இல், அடிமையை விடுதலை செய்பவர் ஆறு மாதத்துக்குள் அவரை நாட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. 1723இல் சுதந்திரமான கறுப்பர்களின் வாக்குரிமையும் பறிபோனது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். உரிமையும் அப்படித்தான் தேய்ந்தது. ஒவ்வொரு சட்டம் வரும்போதும், "இது நம்மைத் தொடாது" என்று நினைக்கத் தோன்றும். கேசரின் வழக்கில் வென்ற நாளில் ஜோன்சனும், நீதிமன்றம் தன் பக்கம் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த வீட்டுக்காரரின் உரிமையை மிதித்து நாம் பெறுகிற பாதுகாப்பு, நம் பிள்ளைகள் காலம்வரை நிற்காது. இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1677இல் ஜோன்சனின் பேரன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். அந்தக் காணிக்கு அவர் வைத்த பெயர் அங்கோலா. ஆபிரிக்காவில் உள்ள ஒரு நாட்டின் பெயர் அது. பேரன் வேரை மறக்கவில்லை.