வீட்டுக் கணினியில் தமிழ் லினக்ஸ்



2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை பட்டணத்துக் கம்பெனிகளிலும் ரயில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னாலுமே பெரும்பாலும் நம் ஊர் ஜனங்கள் கண்டிருந்த அந்த யந்திரம், தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளின் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனமும் அலுவலகம் திறக்கவே, கணினி உத்தியோகம் என்றால் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும் என்ற எண்ணமும் சற்றே தளர்ந்தது. எனினும் யந்திரம் வந்த வேகத்தில் அதற்குள் தமிழ் வரவில்லை. இதில் வருத்தத்துக்குரிய வேடிக்கை ஒன்று உண்டு. அரசு கொடுத்த அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு ஸ்தாபனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய பாஷைகளில் இயங்கவேண்டும் என்ற நோக்கத்துடனேயே செய்யப்பட்டது. அதைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமாப் படங்களை நிரப்பிக்கொண்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு என்ற பெயரில் ஒரு சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய, ‘கரு’ என்னும் மையப் பகுதி அதனோடு வந்து கலந்தது. சரித்திரம் இவ்வளவு போதும். நமக்கு முக்கியமானது, இந்த மென்பொருளை யாரும் உபயோகிக்கலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், திருத்தியதை வெளியிடலாம் என்ற அதன் உரிமைச் சாசனம். விண்டோஸிலும் தமிழ் முகப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தமிழ் இருக்கவேண்டுமா, எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பது ஒரு கம்பெனி. இங்கே நிர்ணயிப்பவர்களோ, தமிழ் வேண்டும் என்று ஆசைப்பட்டு, உட்கார்ந்து உழைக்க முன்வரும் நாலு பேர். இந்த நூற்றாண்டு பிறந்ததை ஒட்டியே, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடல் கடந்த தேசங்களிலும் இருந்த தமிழ் அன்பர்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தறியாதவர்கள், லினக்ஸின் பட்டியல்களையும் எச்சரிக்கைகளையும் வரி வரியாகத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனி, எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது? ஒரே கருவை வைத்துக்கொண்டு பல குழுவினர் பல பெயர்களில் வெளியிடுகிறார்கள். குற்றாலத்துக்காரனாகிய நான் இந்த இடத்தில் பேரருவி, ஐந்தருவி, புலியருவி என்று உவமானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று நீங்கள் பயப்படலாம். அந்தப் பிழைப்பில் நான் இறங்கப்போவதில்லை. உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்றை அறிந்தால் போதுமானது. புதிதாக வருபவர்களுக்கு மின்ட் சௌகரியமானது. உபுண்டு நல்ல யந்திரம் கேட்கும். 2 ஜிகாபைட் நினைவகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பழைய அரசு மடிக்கணினிக்கு, டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை முகப்போடு சேர்த்து அமைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். யந்திரம் 32 பிட் வகையைச் சேர்ந்த மிகப் பழசாக இருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவல் வட்டு கிடையாது. 2023-இல் வந்த 12-ஐத்தான் தேடவேண்டும்.

பதிவிறக்கம் பற்றி இரண்டு வார்த்தை. உபுண்டு ஏறக்குறைய 6 ஜிகாபைட், மின்ட் 3 ஜிகாபைட்டை ஒட்டி. டெபியனின் சிறிய வட்டு ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவு என்பதைக் கண்டு ஏமாந்துவிடக்கூடாது. மிச்சத்தை அது நிறுவும்போது இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சாரல் காலத்துச் சனி ஞாயிறுகளில், வெளியூர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஆளுக்கொரு கைபேசியில் அருவியைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும் வேளையில், குற்றாலத்தில் இருந்துகொண்டு இந்தக் காரியத்தைத் தொடங்குவது பொறுமைக்கு விடும் பரீட்சை, விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வெளியிட்டவர்கள் தங்கள் பக்கத்திலேயே 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு சரிபார்ப்புத் தொடர் கொடுத்திருப்பார்கள்; நம் கணினியில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதே தொடர் வரவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை; செய்யாதவர்கள்தான் பிறகு நடுராத்திரியில் எனக்குப் போன் செய்கிறார்கள்.

கோப்பை ஒரு பென் டிரைவில் முறைப்படி எழுதி, கணினியை அதிலிருந்து எழுப்பவேண்டும். எஃப்12 அல்லது எஃப்9 விசையை ஆரம்பத்திலேயே தட்டினால் பெரும்பாலான யந்திரங்கள் வழிவிடும். மின்ட், உபுண்டு இரண்டையும் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். திரை தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்த்துத் திருப்தியடைந்த பிறகு நிறுவினால் போதும். அதற்கு முன் குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடவேண்டும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

டெபியனை நிறுவும்போது முதல் திரையிலேயே தமிழ் விரும்புகிறவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. படத்தோடு கூடிய நிறுவல், எழுத்து மாத்திரம் உள்ள நிறுவல் என்று இரண்டு வழிகள் காட்டப்படும். இரண்டாவதில் நுழைந்தால் பாஷைப் பட்டியலில் தமிழே இராது. நம் எழுத்துகளைக் கொம்பும் காலும் சேர்த்து வரைய அந்த எளிய திரைக்குச் சக்தி இல்லை. முதல் வழியில் போனால், பட்டியலின் கடைசிப் பக்கமாக, தெலுங்குக்குச் சற்று மேலே, தமிழ் தன் சொந்த எழுத்தில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு தேசத்தைக் கேட்கும். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் நாணயம் முதலியன தனித்தனியாக அமைந்திருக்கின்றன. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாத்திரம் ஆங்கில எழுத்தில் கொடுப்பது நல்லது. நுழைவாயில் திரையில் தமிழ் விசைப்பலகை தயாராக இல்லாவிட்டால், தமிழ்க் கடவுச்சொல் வைத்தவர் தம் வீட்டு வாசலிலேயே நிற்கவேண்டியதாகிவிடும்.

திரையில் தமிழ் தெரிவது ஒன்று, நாம் தமிழில் எழுதுவது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அமைக்கவேண்டும். எழுதுவதற்கு ஐபஸ் என்ற கருவியைச் சேர்த்து, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுக்கப்பட்டிருக்கின்றன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளே போதும். ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுந்துவிடும். அப்படியே ந-வுக்குப் பின் த வந்தால் ‘ந்த’ ஆகிவிடும். ஆங்கில ஒலியை வைத்துத் தமிழை எழுதிப் பழகியவர்களுக்கு முதலில் கை தடுமாறும். ஆனால் ஆங்கிலமே அறியாத பாட்டி ஒருத்தி கற்றுக்கொள்ளத்தக்க முறை இதுதான்.

எல்லாம் முடிந்து கணினி எழுந்ததும், பட்டியல்களில் முக்கால்வாசி தமிழிலும் மிச்சம் ஆங்கிலத்திலும் கலந்து தெரியக்கூடும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கும் லிப்ரே ஆஃபிஸுக்கும் தமிழ்த் தொகுப்புகள் தனியே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தபின் நிலைமை சீர்ப்படும். அப்படியும் ஆங்கிலம் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, இது அரைகுறை வேலை, தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. இந்த ஆட்சேபம் புதிதல்ல. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி., பாடங்களைத் தமிழிலேயே போதிக்கவேண்டும் என்று வாதாடிய காலத்தில், தமிழில் சாஸ்திரம் சொல்ல முடியாது என்ற ஆட்சேபம் நாடெங்கும் கேட்டது. ஆட்சேபித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழில் பௌதிகம் எழுதித் தேர்வில் ஜெயிக்கிறார்கள்.

என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மகன் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியில் அவருக்கு டெபியன் அமைத்துக் கொடுத்தேன். “தம்பி, இந்த எச்சரிக்கையில் எழுவாயும் பயனிலையும் சண்டை போட்டுக்கொள்கின்றனவே, இதை எழுதியவர் யார்?” என்று கேட்டார். “யாரோ ஒரு பொறியியல் மாணவராக இருக்கும், ஸார்; நீங்களே திருத்தலாம்” என்றேன். அவர் நம்பவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து, மேலே ஆங்கில வாக்கியமும் கீழே அதற்குரிய தமிழ் வாக்கியமுமாக ஜோடி ஜோடியாக வரிசையிட்டிருப்பதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற அதே முகபாவத்தோடு, சிவப்பு மைப் பேனா இல்லாத குறையொன்றைத் தவிர வேறு குறையின்றி உட்கார்ந்துவிட்டார்.

அப்படித் திருத்தியதை அந்தந்த மென்பொருளின் தமிழ்க் குழுவுக்கு அனுப்பலாம். அவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் திறக்கும் கணினிகளில் அதே வாக்கியம் தெரியும். இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. மேற்கொண்டு அறிய விரும்புவோர், 2012 முதல் சுதந்திர மென்பொருள் பற்றித் தமிழிலேயே வெளிவரும் ‘கணியம்’ என்ற மின்னிதழைப் பார்க்கலாம். அதன் கட்டுரைகளை விலையின்றிப் படிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். என் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் இப்போது கோப்பு மேலாளரின் பட்டியல்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பிழை திருத்தும் கோஷ்டிக்கு ஆள் போதவில்லை என்றும், தென்காசி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை என்றும் வானொலியில் சொல்லிவிடும்படி என்னிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.