தேவாங்கும் கல்லா மண்ணாவும்

இந்த எபிசோடுல டெக் பேச்சு எதுவும் கிடையாது. போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன், குஜிலியம்பாறை பக்கம். அக்கா பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. வீட்டுப்பாடத்துல கோடு போட்டு இணைச்சுட்டு இருந்தா. பனிக்கரடின்னா பனி, ஒட்டகம்னா பாலைவனம், சிங்கம்னா குகை. எல்லாமே கரெக்ட், ஆனா மூணுல ஒண்ணைக்கூட அவ பார்த்தது இல்ல. (சிங்கம் உண்மையில குகைல குடித்தனம் பண்ற மிருகமும் இல்ல. அது புல்வெளிக்காரன்.)

"தேவாங்கு எங்க இருக்கும் சொல்லு?"ன்னு கேட்டேன். சிரிச்சா. "அது ஒல்லியா இருக்கிறவங்களைத் திட்டுறதுதானே மாமா?"

நமக்கும் அது அவ்வளவுதான். ஆனா 2022 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு இந்தியாவோட முதல் தேவாங்கு சரணாலயத்தை அறிவிச்சது நம்ம ஊர்ப் பக்கத்துலதான். கடவூர் தேவாங்கு சரணாலயம். கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 ஹெக்டேர். எங்க வீட்டுல இருந்து பைக்ல போற தூரம்.

தேவாங்கு உள்ளங்கைல அடங்கிடற சைஸ், வால் கிடையாது, கண்ணு மட்டும் முகம் பூரா இருக்கும். பகல்ல கிளைக்குள்ள பந்து மாதிரி சுருண்டு தூங்கும், ராத்திரி பூச்சி பிடிச்சுச் சாப்பிடும். பயிரைக் கடிக்கிற பூச்சியும் அதுல அடக்கம். ஆனா அதோட கண்ணு மருந்துன்னு நம்பி ஒரு காலத்துல பிடிச்சுட்டுப் போயிருக்காங்க. குரங்கு மாதிரி அதுக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடிச்சுக்கிட்டே அடுத்த கிளையை எட்டணும். கிளை விட்டுப்போன இடத்துல தரைல இறங்கினாதான் வழி. இறங்கினா நாய், ரோடா இருந்தா வண்டி.

இதை ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது? 'வாழிடம்'னு சொன்னா கொட்டாவி விடுறா. அப்புறம்தான் கல்லா மண்ணா ஞாபகம் வந்துச்சு. "நீ தேவாங்கு. மரம், செடி, வேலி எல்லாம் கல்லு. வெறும் தரை மண்ணு. மண்ணுல கால் வைக்காம கிணத்துமேட்டுல இருந்து வேப்பமரத்துக்குப் போகணும்."

சாயங்காலம் தோட்டத்துல இறங்கினோம். எங்க வடக்குப் பக்கம் பழைய கிளுவை வேலி. அதுல பிரண்டை, கோவைக்கொடி, ஓணான், எறும்புன்னு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே கையால தொட்டுத் தொட்டு நடந்தா. யாரு யாரைத் தின்னும், யாரு எங்க ஒளியும்னு அவளே கேட்டா, அவளே பதிலும் சொன்னா. பாடம் அங்கயே முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.

மூலை திரும்பினதும் நின்னுட்டா. அங்க இருந்து கல்லுக்கால் நட்ட கம்பிவேலி. அடியில ஒரு செடி இல்ல, சுத்தமா இருந்துச்சு.

"மாமா, இங்க கல்லே இல்லையே. நான் அவுட்டா?"

அந்தக் கம்பிவேலிக்கு பணம் அனுப்புனது நான்தான். முதல் போனஸ்ல. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வெச்சேன். கிளுவையை வேரோட பிடுங்க ஜேசிபி வந்தப்ப வீடியோ கால்ல பார்த்துட்டு "சூப்பர்பா"ன்னு சொன்னவனும் நான்தான்.

அன்னைக்கு ராத்திரி டார்ச்ல சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிட்டு வேலியோரமா நடந்தோம். வெள்ளை வெளிச்சம் அதோட கண்ணைக் கூசும், அதுக்காக. ஒண்ணும் தட்டுப்படல. அப்பா மட்டும் சொன்னாரு, "நான் பள்ளிக்கூடம் போறப்ப இதே வேலில பாத்திருக்கேன்." இருபத்தெட்டு வருஷத்துல என்கிட்ட அதை அவர் சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல.

வடக்கு வேலியையும் எடுத்துட்டு கம்பி போடுறதா ஏற்கனவே பேச்சு. அப்பா பக்கமும் நியாயம் இருக்கு. கிளுவையை வருஷா வருஷம் வெட்டிக் கட்டணும், அதுக்கு ஆள் கிடைக்கிறதில்ல. ஆடு நுழைஞ்சா சோளம் போச்சு. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு அவருக்கு இயற்கைப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரல.

கடைசில ஒரு முடிவுக்கு வந்தோம். வடக்கு வேலி அப்படியே இருக்கும், வெட்டுக்கூலி என் செலவு. கம்பி போட்ட பக்கம் அதை ஒட்டியே கிளுவைப் போத்து நடணும். போத்து வெட்டி வெக்கிறது அப்பா பொறுப்பு. ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டாதான் பிடிக்கும்ங்கிறாரு. டிக்கெட் போட்டாச்சு.